கதவு மூடும் பண்டிகை

எங்கள் சாலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.
சாத்தினால் சாவு, இல்லையென்றால் சண்டை,
அதுவும் இல்லையென்றால்
புதிதாய்க் கல்யாணமானவர்கள்.
ஆனால் வருஷத்தில் ஒரு நாள்
பைக்குல்லா, இரண்டாம் மாடி, பதினேழாம் எண்,
திகோர்கர் வீட்டுக் கதவு
விடிந்து இருட்டும்வரை சாத்தியே இருக்கும்.
உள்ளே எல்லாரும் வெள்ளை உடுத்தி
தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள்.
அவர்கள் அதற்கு வைத்த பெயரே
கதவு மூடும் பண்டிகை.

பதினெட்டாம் எண் நாங்கள்.
டிசம்பர் வந்தால் எங்களுக்குக் கதவு இருப்பதே தெரியாது.
நடுராத்திரி டிரம்மோடு பாட்டுக் குழு ஏறிவரும்,
காலையில் படிக்கட்டெல்லாம் கேக் தூள், எறும்பு.
அப்பா கட்டும் காகித நட்சத்திரத்தை
ரிப்கா முனை முனையாய் எண்ணுவாள்.
"ஒண்ணு கொறையுது" என்பாள்.

இரண்டு வீட்டுக்கும் கருப்பு திராட்சை
ஒரே கடை, ஒரே பொட்டலம்.
மில்காபாய் வியாழன் இரவு தண்ணீரில் போட்டு
வெள்ளி விளக்கேற்றியதும் பிழிந்த சாறு
ஆளுக்கு ஒரு வாய் தருவாள்.
அம்மா ஆரஞ்சுச் சாற்றில் போட்டு
பரணில் ஏற்றிவிடுவாள், ஒரு மாசம் தொடக்கூடாது.
ஊறுவது என்றால் ஒரு ராத்திரியா ஒரு மாசமா என்று
நானும் ரிப்காவும் முடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வருஷ லெந்து நாட்களில்
ஞாயிறு பள்ளி நாடகத்தில் எனக்கு வேஷம்:
கூட்டத்தில் ஒருவன்.
"யூதர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தணும்,
இன்னும் கோபமா" என்றாள் கனகமணி டீச்சர்.
வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கத்திப் பழகினேன்.

ரிப்கா, எங்களோடு விளையாடியே தமிழ் கற்றவள்,
பண்டிகைக்கு ஈயம் பூசிய பாத்திரங்களை
மடியில் அடுக்கி வைத்திருந்தாள்.
"யூதர்னா யாரு?"
"பைபிள் ஆளுங்க. அந்தக் காலத்துல இருந்தாங்க."
சத்தியமாய் எனக்கு அவ்வளவுதான் தெரியும்.
திகோர்கர் வீட்டைச் சால் முழுக்க யஹூதி என்றது,
நானும் மராத்தியில் அப்படித்தான் சொல்வேன்.
இரண்டு சொல்லும் என் வாயில்தான் இருந்தன,
வேறு வேறு கன்னத்தில்.

அவள்தான் அவற்றைச் சேர்த்துப் பார்த்தாள்.
கொஞ்சநேரம் பாத்திரத்தின் பளபளப்பில்
நெளிந்த தன் முகத்தையே பார்த்திருந்தாள்.
பிறகு,
"எவ்ளோ சத்தமாக் கத்தணும்?"
கத்திக் காட்டினேன்.
போதாது என்றாள்.
தொண்டையிலிருந்து இல்லை,
வயிற்றிலிருந்து, இப்படி என்று
அவளே கத்திக் காட்டினாள்.

பெரிய வெள்ளியன்று என் சத்தம்தான் பெரிது.
பரிசு ஒரு சோப்புப் பெட்டி.
அன்று மாலை எதிர்வீட்டில் பஸ்கா.
கோயிலில் மட்டுமே கேட்டிருந்த புளிப்பில்லாத அப்பம்
அங்கே எவர்சில்வர் தட்டில் இருந்தது.
ரிப்கா ஒரு துண்டு கொண்டுவந்தாள்.
விழுங்க முடியவில்லை.
கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது,
வேறொன்றுமில்லை.

மழை நின்று, கணபதி கடலுக்குப் போய்,
கதவு மூடுவதற்கு முந்தைய மாலை
வெள்ளைப் பாவாடையில் வாசலில் நின்றாள்.
பண்டிகைக்கு முன்னால் எல்லாரிடமும் கேட்கவேண்டுமாம்.
மூன்றாம் மாடியிலிருந்து
கேட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறாள்.
"இந்த வருஷம் நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா
மன்னிச்சிடு."

யோசித்தேன்.
என் காம்பஸ் முள்ளை உடைத்தது ஞாபகம் வந்தது.
"பரவால்ல" என்றேன்,
பெரிய மனுஷன் மாதிரி.

மறுநாள் முழுக்க அந்தக் கதவுக்கு எதிரே
கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
ஒரு கணக்கும் போடவில்லை.
உள்ளே யாரோ இருமினார்கள்,
அவள்தானா என்று காது வைத்தேன்.

அதற்கடுத்த நாள் கதவு திறந்தது.
கீரும் பூரியுமாய்த் தட்டு வந்தது, கூடவே ரிப்கா,
ஒரு நாள் பட்டினியில் உதடு வெடித்து.
கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

கேட்டேன்.
இன்னொரு பூரி.